பட்டன் முதுகில் நீலக் குறி

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அன்பு மகள் டீகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறை மேல் அம்மாவின் கையெழுத்து இல்லாமல் என்னுடைய கோழிக் கிறுக்கலைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே, என் முழங்காலையும் கிழட்டு நாய் டஸ்டியின் காதையும் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகமாகவே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளை சிண்ட்ரேயும் சின்னவன் ஆக்செலும் உங்கள் நார்வே மழையில் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் இருவருடைய எண்ணமும். ஆடுகள் குட்டி போடும் காலம் தொடங்கிவிட்டது, இந்த வருடம் இரட்டைக் குட்டிகள் நிறைய, உங்கள் கோடை எங்களுக்குக் குளிர்காலம், விடியும்போது புல்லெல்லாம் உறைபனி, நான் ஒரு கையில் கைத்தடியும் இன்னொரு கையில் ஈரக் குட்டியுமாக மேட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். போன வாரக் காற்றில் கம்பளி வெட்டும் கொட்டகையின் கூரைத் தகடு இரண்டு பிய்ந்து ஓடைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தன, நல்லவேளை அங்கே ஆடு எதுவும் இல்லை. அம்மா பாட்டுக் குழுவில் இந்த முறை தனியாக நான்கு வரி பாடப் போகிறாள், பதினைந்து நாளாக அந்த நான்கு வரியைத்தான் அவள் குளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், டஸ்டிக்குக் காது போனது ஒரு வகையில் அதன் அதிர்ஷ்டம். இதை அவளிடம் சொல்லிவிடாதே.

ஆக்செல் வரைந்த படம் வந்து சேர்ந்தது. அம்மா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள், எட்டு வருடத்துக்கு முன்னால் நீ எழுதி ஒட்டிவிட்டுப் போன தாளுக்குப் பக்கத்திலேயே. பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய உருளை, அதற்கு நான்கு குட்டைக் கால், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் நிஜமான சட்டைப் பட்டன் ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறான். வால் பக்கத்துப் பையிலிருந்து இன்னொரு சின்ன முகம் எட்டிப் பார்க்கிறது. வாம்பட்டுக்கு, கங்காரு மாதிரி இல்லாமல், பை பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும் என்று நீ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், நான்கு வயதில் அவனுக்குத் தெரிந்தது ஐம்பத்தெட்டு வயது வரை எனக்குத் தெரியாது. கீழே உன் கையெழுத்தில், "தாத்தா, அக்டோபர்ல நான் வந்ததும் பட்டனுக்கு நான்தான் காரட் குடுப்பேன்" என்று அவன் சொன்னதை எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு மூன்று நாள் நான் ஃபிரிட்ஜைத் திறக்கவில்லை. பால் இல்லாமல் டீ குடித்தேன். மூன்றாம் நாள் அம்மா துணி தேய்த்துக்கொண்டே, "என்ன மெர்வ், திடீர்னு கறுப்பு டீக்கு மாறிட்ட?" என்று கேட்டாள். அப்போது அவளிடம் சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "எட்டு வருஷமா இந்த வீட்டுக் கடுதாசி எல்லாம் நான்தான் எழுதறேன், இதை நான் எழுத மாட்டேன், நீயே எழுது. போன்ல சொல்லித் தொலைக்காத, அந்தப் புள்ள பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கும்" என்றாள். அதனால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல்.

டீகன், பட்டன் இல்லை. மார்ச் நான்காம் தேதியே போய்விட்டாள். ஐந்து மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ போனில், "அப்பா, என் பொண்ணு வந்தாளா?" என்று கேட்டபோதெல்லாம், வந்தாள், என்னை முறைத்துவிட்டுப் போனாள் என்று நான் சொன்னது அத்தனையும் பொய். அவள் செத்தது அம்மாவுக்கும் அப்போதே தெரியும், மற்றது போன வாரம் வரை தெரியாது. முழுக்கச் சொல்லிவிடுகிறேன், நடுவில் நிறுத்தினால் மறுபடி எழுத எனக்குத் தைரியம் வராது.

அவளை நீ வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் உனக்கு மறந்திருக்காது. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாய், நாம் இருவரும் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம், சாலையோரம் ஒரு தாய் வாம்பட் அடிபட்டுச் செத்துக் கிடந்தது. வண்டியை நிறுத்து என்றாய். "செத்த ஜந்துவைப் பாக்க என்னத்துக்கு நிறுத்தணும், உசுரோட இருந்தா என் வேலியடியைத்தான் நோண்டும்" என்றேன். "அப்பா, நீ ஒரு கல்லு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் மண்டியிட்டு அந்தப் பைக்குள் கையை விட்டாய், நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். திரும்பி வரும்போது உன் சட்டைக்குள் ஏதோ நெளிந்தது. மூக்கு சட்டைப் பட்டன் மாதிரி இருக்கிறது என்று அங்கேயே பெயர் வைத்துவிட்டாய். வண்டியில் இருந்த ஆட்டு அடையாளப் பெயிண்ட் டப்பாவை எடுத்து அந்தத் தாய் உடம்பின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடச் சொன்னாய். பையைச் சோதித்தாயிற்று, உள்ளே குட்டி இல்லை, பின்னால் வருகிறவர்கள் நிறுத்த வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் என்றாய். அன்றுதான் நான் முதன்முதலாக அந்தக் குறியைப் போட்டேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அந்த நீல டப்பா இல்லாமல் நான் வண்டியை எடுத்ததில்லை, எத்தனை கங்காரு, அதன் குட்டை இனமான வாலபி எத்தனை, எத்தனை வாம்பட் என்று கணக்கில்லை, சாலையில் எதைப் பார்த்தாலும் நிறுத்தி, கையை விட்டுப் பார்த்து, குறி போட்டுவிட்டுத்தான் போவேன். கல்லு கரைஞ்சிடுச்சு என்று நீ கேலி செய்வாய்.

ஒன்றரை வருடம் புட்டிப்பால் கொடுத்து வளர்த்து ஓடைக்கரை வளையில் கொண்டுபோய் நீ விட்ட பிறகும் அவள் நம் தோட்டத்தை விடவில்லை. பொழுது சாயும் நேரம் வந்து பின்வாசல் படிப் பக்கத்துத் தூணில் முதுகைத் தேய்ப்பாள், வீடே ஆடும். போகும்போது படியில் அந்தச் சதுரச் சாணியை நான்கு கட்டி வைத்துவிட்டுப் போவாள், காலையில் அதைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே நான் திட்டுவேன், அம்மா உள்ளேயிருந்து, "உன்னைப் பாக்க வந்தவ நீ இல்லன்னு சீட்டு வெச்சுட்டுப் போயிருக்கா, மரியாதையா எடு" என்பாள். நார்வே போகும் முன் நீ எழுதி ஒட்டிய தாளை இப்போதும் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ரொட்டி கூடாது. வறட்சிக் காலம் தவிரத் தீவனமே வேண்டாம். வைத்தால் ஓடைப் பக்கம் மட்டும் வை, சாலைப் பக்கம் வேண்டவே வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடாதே, மனிதக் குரலுக்கு ஓடி வர அவள் பழகக் கூடாது. ஏழு வருடம் அதன்படிதான் நடந்தேன், எப்போதாவது ஒரு ரொட்டி ஓரத்தைத் தவிர.

போன கோடையில் மழை ஏமாற்றிவிட்டது. ஓடை அங்கங்கே குட்டையாக நின்றது, புல் காய்ந்து காலடியில் நொறுங்கியது, பட்டனின் இடுப்பெலும்பு தெரிய ஆரம்பித்தது. ஜனவரி பாதி வரை உலர்புல்லும் நறுக்கிய காரட்டும் தினமும் ஓடைக்கு எடுத்துப் போனேன். அப்புறம் முழங்கால் வீங்கிவிட்டது, மேட்டை விட்டு இறங்கினால் ஏற முடியவில்லை. நான் கொண்டு போகிறேன் என்று அம்மா சொன்னாள், நான் வீம்பு பிடித்தேன். தட்டை முன்பக்கக் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன், அங்கே சமதளம், தண்ணீர்க் குழாயும் பக்கத்தில். அம்மா பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள், "டீகன் எழுதி வெச்சிருக்கறதைப் படிக்கலயா நீ?" என்றாள், ரெண்டு நாள்தான், வீக்கம் வடியட்டும் என்றேன். காரட் போட்ட தகர டப்பாவைக் குலுக்கி, "பட்டன், வாடி" என்றால் போதும், தோட்டத்தைக் குறுக்கே கடந்து குடுகுடுவென்று ஓடி வருவாள். வீக்கம் வடிந்தது, தட்டு அங்கேயேதான் இருந்தது. முழங்காலின் மேலேயே எல்லாப் பழியையும் போட்டால் அதுவும் பொய்யாகிவிடும். சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, ஒரு காட்டு ஜந்து என் குரலுக்கு ஓடி வருவதை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள், குழந்தைகள் கை தட்டும், அது எனக்குப் பிடித்திருந்தது. எழுபது வயதுக் கிழவனுக்கு அந்தப் பெருமை வேண்டியிருந்தது.

மார்ச் நான்காம் தேதி காலை சிண்ட்ரே போன் செய்தான். ஆறாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை என்றான், நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், யாரிடமும் பேச மாட்டேன் என்கிறாய் என்றான். அம்மா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, எங்கே போகிறேன் என்று தெரியாமலே வண்டியை எடுத்தேன். கேட்டைத் தாண்டி இருபது அடியில், அந்த வளைவில், சாலையோரச் சரளையில் பட்டன் கிடந்தாள், முதுகைச் சாலைக்குக் காட்டிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தாள். தட்டில் மிச்சம் இருக்கிறதா என்று விடியும் முன் தேடி வந்திருக்க வேண்டும். இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும், நீ சொல்லிக் கொடுத்ததுதான், மண்டியிட்டு, பின்னங்கால்களை விலக்கி, பைக்குள் கையை விட வேண்டும். நான் மண்டியிடவில்லை. டப்பாவை எடுத்தேன், அவள் முதுகில் நீலமாக ஒரு பெருக்கல் குறி போட்டேன், வண்டியில் ஏறிக் கொட்டகைக்குப் போய் மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தக் குறி போட்டால் வேறு யாரும் நிறுத்த மாட்டார்கள், யாரும் அவளைத் தொட மாட்டார்கள், நாளைக்கு வந்து புதைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று முழுவதும், மறுநாள் மதியம் வரையும், அந்தச் சாலையில் போன அத்தனை பேரும் குறியைப் பார்த்து நிறுத்தாமல் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நம் பக்கத்தில் குறியை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

மறுநாள் பிற்பகல் கிளெனிஸ் வந்து கதவைத் தட்டினாள். உன் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டிய கிளெனிஸ்தான், இப்போது தாயில்லாக் குட்டிகளை வீட்டில் வைத்து வளர்க்கிறாள். அவள் ஸ்வெட்டர் மார்புப் பக்கம் புடைத்திருந்தது, ஒரு கையால் அதைத் தாங்கிப் பிடித்திருந்தாள். "மெர்வ், வளைவுல கெடக்கறது உங்க பட்டன். பையில குட்டி இருந்துச்சு, ஒன்றரை நாளா செத்த தாய்க்குள்ளயே கெடந்திருக்கு. எவனோ ஒரு சோம்பேறிப் பய தொட்டுக்கூடப் பாக்காம குறியப் போட்டுட்டுப் போயிருக்கான். பின்னங்கால் ரெண்டும் ஒட்டிக்கிட்டு வெறச்சுக் கெடக்கு, விரிச்ச தடமே இல்ல, அதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா. "இப்படியும் இருக்கானுங்களே மனுஷனுங்க" என்றேன். அதையும் உரக்கச் சொன்னேன். கிளெனிஸ், "நீலப் பெயிண்ட்" என்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் டஸ்டியைப் பார்த்துக்கொண்டு, "நீலம் ஊர்ல ஆடு வெச்சிருக்கற பாதிப் பேருகிட்ட இருக்கு" என்று அவளே சொன்னாள். ஆமாம், பாதிப் பேரிடம் இருக்கிறது என்றேன். அவளுக்குப் பின்னால் என் வண்டி நின்றிருந்தது, டப்பா அதன் இருக்கையிலேயே கிடந்தது.

அன்று சாயங்காலம் நானும் அம்மாவும் பட்டனைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடைக்குக் கொண்டுபோய் அவள் வளைக்கு மேலே புதைத்தோம். மேட்டை விட்டு இறங்க முடியாது என்று ஒன்றரை மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன், அன்று மட்டும் முழங்கால் வலித்ததாக எனக்கு நினைவில்லை. அம்மாவுக்குக் குறியைப் பற்றி எதுவும் தெரியாது, மண் போட்டுக்கொண்டே அந்தக் குறி போட்டவனைத் திட்டினாள், அப்படி அவள் திட்டி நீ கேட்டிருக்க மாட்டாய்.

குட்டி ஆண். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம், தோல் ரோஸாக இருந்தது, முதுகில் இப்போதுதான் மயிர் அரும்பியிருந்தது, கண் திறந்தும் திறக்காமலும். ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு தினமும் கிளெனிஸ் வீட்டுக்குப் போனேன், ஒரு நாள் முட்டை கொடுக்க, ஒரு நாள் ஏணி கேட்க, மூன்றாம் நாள் அவளே, "சாக்கு யோசிச்சுக் கஷ்டப்படாத, உள்ள வந்து இவனைப் பிடி, நான் புட்டி கழுவணும்" என்றாள். சட்டைக்குள், தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொன்னாள். அவன் என் விரல் முட்டியைப் பிடித்துச் சப்பினான், டீகன், அவ்வளவு சின்ன வாய்க்கு அவ்வளவு பலம் இருந்தது. பெயர் என்ன என்று கேட்டேன், தன்னிடம் வந்து பத்து நாள் தாண்டாத குட்டிக்குப் பெயர் வைப்பதில்லை என்றாள். நெஞ்சில் சளி கட்டியிருந்தது, செத்த தாயின் குளிரில் ஒன்றரை நாள் கிடந்ததால் வந்தது என்று டாக்டர் சொன்னார். முதல் நாளே எடுத்திருந்தால் என்று கிளெனிஸ் ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. ஒன்பதாம் நாள் மதியம் நான் அவனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன், அவள் வந்து கையை விட்டுப் பார்த்துவிட்டு, "மெர்வ், குடு" என்றாள். ஏன், தூங்குகிறான், கதகதப்பாகத்தான் இருக்கிறான் என்றேன். "அது உன் சூடு" என்றாள். அவனை எடுத்துக்கொண்டுபோய் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன், அவனுடைய அம்மாவுக்கு.

அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதல் தடவை போனில் முகம் காட்டினாய். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நீயே, "பட்டன் எப்படி இருக்கா, எதாவது சொல்லு அப்பா" என்றாய். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். உனக்கு அந்த நேரத்தில் அந்தச் செய்தியை எந்தத் தகப்பனால் சொல்ல முடியும். வந்தாள், தூணில் தேய்த்ததில் அம்மா வைத்திருந்த செடித்தொட்டி படியை விட்டு உருண்டு உடைந்தது, உன் அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு விரட்டினாள், பட்டன் திரும்பி நின்று உன் அம்மாவைத்தான் விரட்டினாள் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். நீ சிரித்தாய். குழந்தை போன பிறகு நீ சிரித்த முதல் சிரிப்பு என்று சிண்ட்ரே அன்று எழுதினான். அப்புறம் எப்படி நிறுத்துவது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று சொன்னேன், அதற்கடுத்து இன்னொன்று, வெள்ளிக்கிழமையே உட்கார்ந்து யோசித்து வைத்துக்கொள்வேன், பழைய போட்டோவைத் தேடி எடுத்து நேற்று எடுத்ததாக அனுப்புவேன். பொய் சொல்வதில் எனக்கு இவ்வளவு திறமை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உனக்காகச் சொன்னேன் என்றுதான் முதலில் நம்பினேன், பாதி எனக்காகவும்தான், ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் அவள் எனக்கும் உயிரோடு இருந்தாள். அவள் கடைசியாகப் படியில் வைத்துவிட்டுப் போன நான்கு கட்டியை நான் தள்ளவில்லை. காய்ந்து வெளுத்து இன்னும் அங்கேதான் இருக்கின்றன, அம்மாவும் அதைச் சுற்றித்தான் பெருக்குகிறாள்.

இதுவரை எழுதியது அம்மாவுக்குத் தெரியும். இனி எழுதுவது அவளுக்கும் தெரியாது, அவளிடம் கூட இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலே எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன், அவள் செத்துவிட்டாள் என்று நினைத்து, அலட்சியமாகவோ மனது சரியில்லாமலோ குறியைப் போட்டுவிட்டுப் போனவன் மாதிரி எழுதியிருக்கிறேன். அப்படி இல்லை. நான் டப்பாவோடு அவள் பக்கத்தில் நின்றபோது அவள் அடிவயிறு ஒரு தடவை அசைந்தது. பார்த்தேன். காற்றில் மயிர் அசைந்தது இல்லை, வயிறு அசைந்தது. பட்டனுக்கு இன்னும் மூச்சு இருக்கிறது என்று நினைத்தேன். மூச்சு இருந்தால் நான் வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்துவர வேண்டும், முதுகு உடைந்த ஜந்துவை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது, ஐம்பது வருடமாக ஆட்டுக்கும் மாட்டுக்கும் நான் செய்ததுதான். அன்று என் கையால் அது முடியாது என்று தோன்றியது, அன்று வீட்டில் இன்னொரு சாவு வேண்டாம் என்று தோன்றியது, அதுவும் உன் பட்டனின் சாவு. குறி போட்டுவிட்டால் அவள் செத்துவிட்டாள் என்று ஆகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அசைந்தது அவள் இல்லை, அவன். குனிந்து ஒரு கையை விட்டிருந்தால் தெரிந்திருக்கும், அவன் என் விரலைப் பிடித்திருப்பான். இதை உன் துக்கத்தின் மேல் சாய்க்க எழுதவில்லை, அந்த நாள் எப்படிப்பட்ட நாள் என்று மட்டும் சொல்கிறேன், உன் துக்கம் உன்னுடையது, இந்தத் தப்பு என்னுடையது.

மன்னித்துவிடு என்று கேட்க வரவில்லை. நீ அக்டோபரில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, அவன் கையில் காரட்டோடு பின்வாசல் படியில் உட்கார்ந்து காத்திருப்பதைப் பார்க்க என்னால் முடியாது, அதனால் சொல்லிவிட்டேன். அவனிடம் எவ்வளவு சொல்வது என்பதை நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்யுங்கள், தாத்தா செய்தது என்று சொன்னாலும் சரி. வர வேண்டாம் என்று தோன்றினாலும் எழுது, அம்மாவுக்குத்தான் தாங்காது, நான் புரிந்துகொள்வேன். கேட்டுப் பக்கத்துத் தட்டை அன்றே எடுத்துவிட்டேன். ஓடைப் பக்கம் தண்ணீர்த் தட்டு மட்டும் வைக்கிறேன், பட்டனின் வளையில் வேறொரு வாம்பட் குடிவந்திருக்கிறது, அதன் பெயர் எனக்குத் தெரியாது, நான் கூப்பிடுவதும் இல்லை. மார்ச்சிலிருந்து சாலையில் பார்த்த ஒவ்வொன்றுக்கும் இறங்கி, மண்டியிட்டு, கையை விட்டுப் பார்த்துவிட்டேன். ஜூனில் ஒரு வாலபியின் பையில் உயிரோடு ஒன்று கிடைத்தது, கிளெனிஸிடம் கொடுத்தேன், நன்றாக இருக்கிறதாம், அவள் என் முதுகில் தட்டிக் கொடுத்தாள், எனக்கு எதுவும் லேசாகவில்லை. இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு அப்படியே அவள் வீட்டுக்குப் போகிறேன். அந்தச் சோம்பேறிப் பயல் யார் என்று அவளுக்கும் சொல்ல வேண்டும், முன்பே தெரியும் என்று அவள் சொன்னாலும் என் வாயால் சொல்ல வேண்டும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ரத்தத்தில் இரும்புச் சத்து குறைவு என்றாயே, அந்த மாத்திரையை விட்டுவிடாதே, மழையில் சைக்கிளில் வேலைக்குப் போகாதே. ஆக்செலின் கால் அளவை எழுது, ரப்பர் பூட்ஸ் வாங்கி வைக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்து, நிறைய நாள் நன்றாக இருக்க வேண்டும், அந்தப் பிள்ளை உன்னை மாதிரி வளர வேண்டும். அம்மாவின் முத்தங்கள், டஸ்டியின் வாலாட்டல்.

ஒன்றை மட்டும் மறக்காதே. வந்தால், விமான நிலையத்திலிருந்து வரும்போது நம் வளைவில் மெதுவாக ஓட்டு. சாலையோரம் ஏதாவது கிடந்து, அதன் மேல் குறி இருந்தாலும், யார் போட்டதாக இருந்தாலும், நம்பிப் போய்விடாதே. நீலக் குறியாக இருந்தால் அது அநேகமாக நான் போட்டதாக இருக்கும், இப்போதெல்லாம் நான் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். ஆனாலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, நீயே ஒரு தடவை கையை விட்டுப் பார்த்துவிடு.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அப்பா
மெர்வின்